தீ இல்லாத குளிர்காலம்: ஹேஸ்பரோ கடற்கரையின் கல் சில்லுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ஈரக் களிமண்ல பதிஞ்ச ஒரு காலடித் தடம். நீளம் 14 சென்டிமீட்டர். மனுஷங்களோட பாத நீளம் சராசரியா அவங்க உயரத்துல 15 சதவீதம் இருக்கும். அப்படின்னா இந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரர் எவ்வளவு உயரம்? 14-ஐ 0.15-ஆல வகுத்துப் பாருங்க. ஏறக்குறைய 93 சென்டிமீட்டர். நம்ம ஊர்க் கணக்குல இன்னும் எல்கேஜி சேராத ஒரு குழந்தை.

பக்கத்துலயே இன்னும் பல தடங்கள். பெரியது 26 சென்டிமீட்டர். அதே கணக்கைப் போட்டா ஐந்தடி எட்டு அங்குலம், ஒரு பெரியவர். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா ஐந்து பேராவது இருக்கலாம், பெரியவங்களும் குழந்தைகளும் கலந்த கூட்டம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பெரும்பாலான தடங்கள் ஒரு ஆற்றங்கரையை ஒட்டித் தெற்குப் பக்கமா போகுது.

அவங்க நடந்துபோய் எட்டரை லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு. 9 லட்சம் வருஷத்தைத் தாண்டியும் இருக்கலாம். நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கு வயசே சுமார் 3 லட்சம் வருஷம்தான். அப்போ நடந்து போனவங்க நாம இல்லை. நமக்கு முந்தைய வேற ஒரு மனித இனம்.

இடம், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில இருக்கிற நார்ஃபோக் மாவட்டம். ஊர் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சா 'ஹாப்பிஸ்பர்க்'னு வரும். ஆனா உள்ளூர்க்காரங்க 'ஹேஸ்பரோ'ன்னுதான் சொல்லுவாங்க. நாமும் அப்படியே சொல்லிக்கலாம்.

இன்னைய எபிசோடுல நான் பேச நினைக்கிறது ஒரே ஒரு கேள்வி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. ஹேஸ்பரோ கிட்டத்தட்ட 53 டிகிரியில இருக்கு. அவ்வளவு வடக்கே, அந்தக் காலத்துல, அந்தக் குளிர்ல, கையில சில கல் சில்லுகள் மட்டும் வச்சிருந்த ஒரு கூட்டம் எப்படித் தாக்குப் பிடிச்சது? இதுக்கு முழுசான பதில் இன்னும் வரலை. ஆனா இந்தக் கேள்வி எப்படி உருவாச்சுங்கிற கதையே பிரமாதமா இருக்கும்.

கடல் திறந்து காட்டிய இரண்டு வாரம்

முதல்ல அந்தத் தடங்கள் கிடைச்ச விதம். 2013 மே மாதம். கடல் கொந்தளிச்சு, கரையில இருந்த மணலை வாரிக்கிட்டுப் போயிருந்தது. கடல் உள்வாங்கி இருந்த நேரத்துல பார்த்தா, மணலுக்குக் கீழே இருந்த பழைய வண்டல் படிவு வெளியே தெரியுது. அது மேல முழுக்கப் பள்ளம் பள்ளமா இருக்கு. மார்ட்டின் பேட்ஸ்ங்கிற ஆய்வாளர் அதைப் பார்த்ததுமே, இது அலை அரிச்ச பள்ளம் மாதிரி இல்லையே, காலடி மாதிரி இருக்கேன்னு சந்தேகப்பட்டார்.

அதுக்கப்புறம் ஒரே ஓட்டம்தான். ஒவ்வொரு தடவை கடல் உள்ள வந்துட்டுப் போகும்போதும் தடம் கொஞ்சம் கொஞ்சமா கரையும். மழைத் தண்ணி வேற பள்ளத்துல தேங்கும், அதை இறைச்சு வெளியேத்தணும். பல கோணங்கள்ல போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல 3டி மாடலா மாத்துற முறையில எல்லாத்தையும் பதிவு செஞ்சாங்க. சுமார் 50 தடங்கள். அதுல 12 மட்டும் முழு வடிவத்தோட தெளிவா இருந்தது.

இரண்டு வாரத்துல எல்லாம் போச்சு. கடலே காட்டிச்சு, கடலே அழிச்சது. இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது அந்தப் போட்டோக்களும் 3டி மாடலும் மட்டும்தான். 2014 பிப்ரவரியில பிரிட்டிஷ் மியூசியத்தின் நிக் ஆஷ்டன் தலைமையிலான குழு இதை வெளியிட்டபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைச்ச மிகப் பழைய மனிதக் காலடித் தடங்கள்னு அறிவிச்சாங்க.

காலடித் தடம்தான் தலைப்புச் செய்தி ஆச்சு. குழந்தையோட கால்னா யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா உண்மையில ஆராய்ச்சியாளர்களைத் தூக்கிப் போட்டது அதுக்கு நாலு வருஷம் முன்னாடி வெளியான வேற ஒரு செய்தி. அந்தச் செய்தி கற்களைப் பத்தினது.

கல்லு உடைஞ்சதா, உடைச்சதா?

அதே கடற்கரையில 'மூணாவது களம்'னு பேர் வச்ச ஒரு இடத்துல 2005-ல தொடங்கி அகழாய்வு நடந்தது. 2010-ல நேச்சர் இதழ்ல முடிவுகள் வந்தது. கிடைச்சது 78 கல் துண்டுகள். எல்லாமே ஃப்ளிண்ட், அதாவது சக்கிமுக்கிக் கல். அதுல பெரும்பாலும் சின்னச் சின்னச் சில்லுகள்தான். மியூசியத்துல வச்சா நம்மள்ல பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்காம அடுத்த ஹாலுக்குப் போயிடுவோம்.

'கடற்கரைன்னா உடைஞ்ச கல்லு கிடக்கத்தானே செய்யும், இதை மனுஷன்தான் உடைச்சான்னு எப்படிச் சொல்றீங்க?' இது நியாயமான கேள்வி. அந்த ஊர்க்காரங்களே இதுல ஒரு தடவை சூடு பட்டவங்க. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல, ஜே. ரீட் மொய்ர்னு ஒருத்தர் இதே கிழக்கு இங்கிலாந்துல கிடைச்ச உடைஞ்ச கற்களை வச்சுக்கிட்டு, இது பனியுகத்துக்கும் முந்தைய மனுஷன் செஞ்ச கருவின்னு வாதாடினார். ரே லங்கெஸ்டர் மாதிரி பெரிய விஞ்ஞானிகளே அவர் பக்கம் நின்னாங்க. மண்ணோட எடை அழுத்தினாலே, ஒரு கல் இன்னொரு கல் மேல உரசினாலே, அதே மாதிரி விளிம்பு உடையும்னு எதிர்த்தரப்பு காட்டினதும் அந்த வாதம் மெல்ல மெல்லச் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கரையில யாராவது 'ரொம்பப் பழைய கருவி'ன்னு சொன்னாலே அறிஞர்கள் புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாங்க.

அதனால இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம். சக்கிமுக்கிக் கல் கண்ணாடி மாதிரி உடையும். அதை இன்னொரு உருண்டைக் கல்லால ஓரத்துல சரியான கோணத்துல அடிச்சா, ஒரு செதில் பெயர்ந்து வரும். அந்தச் செதிலைத் திருப்பிப் பார்த்தா, அடி விழுந்த இடத்துல ஒரு சின்னத் தட்டை. அதுக்குக் கீழே லேசா ஒரு புடைப்பு. அந்தப் புடைப்புல இருந்து, குளத்துல கல்லைப் போட்டா வர்ற மாதிரி, வளைய வளையமா அலைகள். இயற்கையிலும் இது எப்பவாவது ஒரு தடவை நடக்கும். ஆனா ஒரே கல்லுல இருந்து வரிசையா, முதல் செதில் விட்ட தழும்பையே பிடிமானமா வச்சு அடுத்ததை அடிச்சு எடுக்கிறது, அப்புறம் ஒரு செதிலோட ஓரத்தை மட்டும் பொடிசா கொத்திச் சரி பண்றது, இதெல்லாம் ஆறும் அலையும் செய்யாது. கையும் கண்ணும் சேர்ந்து செய்யிற வேலை.

இன்னொரு விஷயம், அந்தச் சில்லுகளோட விளிம்பு கூர் மழுங்காம இருந்தது. ஆத்துல ரொம்ப தூரம் உருண்டு வந்திருந்தா விளிம்பு தேஞ்சிருக்கும். அப்போ அதை உடைச்ச இடமும் கிடைச்ச இடமும் பக்கம் பக்கம்தான்.

இவங்க கைக்கோடரி செய்யலை. பாடப் புத்தகத்துல பார்த்திருப்பீங்களே, கண்ணீர்த் துளி வடிவத்துல இரண்டு பக்கமும் செதுக்கின கருவி, அது இந்தக் களத்துல இல்லை. அதே ஹேஸ்பரோ கரையில 2000-ல, நாயோட வாக்கிங் போன உள்ளூர்க்காரர் ஒருத்தர் ஒரு கருப்புக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தக் கரைப் பக்கம் எல்லாரோட பார்வையும் திரும்பினதே அதனாலதான். ஆனா அது வேற களம், சுமார் 5 லட்சம் வருஷம் பழசு. மூணாவது களத்துல இருந்தவங்க அதைவிடப் பல லட்சம் வருஷம் முந்தினவங்க. அவங்களுக்கு வேண்டியது ஒரு கூர்மையான ஓரம், அவ்வளவுதான். தோலைக் கிழிக்க, சதையை அறுக்க, குச்சியைச் சீவ அது போதும்.

பழைய கல்லுக்குப் பிறந்த தேதி

கல்லுக்கு நேரடியா வயசு சொல்ல முடியாது. கல்லே பல கோடி வருஷம் பழசு, அதை என்னைக்கு உடைச்சாங்கங்கிறதுதான் நமக்கு வேணும். அதனால கல் கிடந்த மண்ணைப் பிடிச்சாங்க.

பூமியோட காந்தப்புலம் அப்பப்போ தலைகீழா மாறும். இன்னைக்குத் திசைகாட்டி வடக்கைக் காட்டுது இல்லையா? சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்னாடி போய் நின்னா அதே முள் தெற்கைக் காட்டும். வண்டல் படியும்போது அதுல இருக்கிற நுண்ணிய இரும்புத் தாதுக்கள் அன்னைய காந்தத் திசையை அப்படியே பிடிச்சு வச்சுக்கும். ஹேஸ்பரோ வண்டல்ல அது தலைகீழா இருந்தது. அப்போ குறைஞ்சது 7,80,000 வருஷம்.

அடுத்த சாட்சி, செடிகளும் விலங்குகளும். மண்ணுல கிடைச்ச மகரந்தத்துல ஹெம்லாக்னு ஒரு ஊசியிலை மரம் இருந்தது, ஐரோப்பாவுல இருந்து பின்னாடி அடியோட அழிஞ்சுபோனது. விலங்குகள்ல பழைய வகை மமூத் யானை. இதையெல்லாம் சேர்த்துத்தான் எட்டரை லட்சத்துல இருந்து ஒன்பதரை லட்சம் வருஷம்னு ஒரு வரம்பைப் போட்டாங்க. எல்லாரும் இதை ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். இவ்வளவு பழசா இருக்காது, இன்னும் பிந்தையதுதான்னு வாதாடின ஆய்வுக் கட்டுரையும் வந்திருக்கு. ஆனா காந்தத் திசையும், மரமும், யானையும் ஒரே பக்கம் கை காட்டும்போது, என் கட்சி அந்தப் பக்கம்தான்.

வண்டு சொன்ன வானிலை

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி இது. அந்த மண்ணுல வண்டுகளோட ஓடும் இறக்கை உறையும் அப்படியே கிடைச்சது. வண்டுகள் சீக்கிரம் பரிணாம மாற்றம் அடையாத ஜீவன்கள். அன்னைக்கு இருந்த வகைகள்ல பல இன்னைக்கும் எங்கேயோ உயிரோட இருக்கு. ஒவ்வொரு வகையும் எந்த வெப்பநிலையில வாழும்னு நமக்குத் தெரியும். ஒரு வண்டு இந்த வரம்புல வாழும், இன்னொன்னு அந்த வரம்புல வாழும். இரண்டும் ஒரே இடத்துல இருந்திருக்குன்னா, இரண்டு வரம்பும் எங்கே வெட்டிக்குதோ அதுதான் அந்த ஊரோட வெப்பநிலை. பள்ளிக்கூடத்துல படிச்ச வென் படம் ஞாபகம் வருதா? அதேதான்.

அந்தக் கணக்குல வந்த பதில்: கோடையில 16-ல இருந்து 18 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்துல பூஜ்யத்துல இருந்து மைனஸ் 3. இன்னைக்குத் தெற்கு ஸ்காண்டிநேவியாவுல இருக்கிற மாதிரி. சுத்தி பைன், ஸ்ப்ரூஸ் மரக்காடு. நடுவுல ஒரு பெரிய ஆறு கடல்ல கலக்குது. அந்த ஆறு வேற எதுவும் இல்லை, தேம்ஸ்தான். அன்னைக்கு தேம்ஸ் லண்டன் பக்கம் கடல்ல சேரலை, இப்போ இருக்கிற முகத்துவாரத்துக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வடக்கே, இந்தப் பக்கமா ஓடிக்கிட்டு இருந்தது. சுமார் நாலரை லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வந்த பெரும் பனிப்பாளம்தான் அதைத் தெற்கே தள்ளிவிட்டது. அதே பனிப்பாளம் கொண்டு வந்து கொட்டின மண்ணுதான் இந்தப் பழைய வண்டலை மூடிப் பத்திரமா வச்சிருந்தது.

பிரிட்டன் அப்போ தீவும் இல்லை. ஐரோப்பாவோட தரைவழியா ஒட்டிக்கிட்டு இருந்தது. கப்பலும் வேண்டாம், படகும் வேண்டாம், நடந்தே வரலாம்.

இப்போ புரியுதா ஏன் தூக்கிப் போட்டதுன்னு? 1990-கள்ல ஐரோப்பியத் தொல்லியல்ல ஒரு எழுதாத சட்டம் இருந்தது: வட ஐரோப்பாவுல 5 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மனுஷன் கிடையாது. 2005-ல, ஹேஸ்பரோவுக்குத் தெற்கே அதே கரையில இருக்கிற பேக்ஃபீல்டுல 32 கல் துண்டுகள் கிடைச்ச செய்தி வெளியாச்சு, வயசு 7 லட்சம் வருஷம். சட்டம் உடைஞ்சது. ஆனா உடனே ஒரு சமாதானமும் கிடைச்சது. அந்தச் சமயத்துல பேக்ஃபீல்டு இத்தாலி, ஸ்பெயின் மாதிரி இதமா இருந்த காலம். தெற்கே பழகின வாழ்க்கையை, வெயிலோட சேர்ந்து வடக்கே கொண்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான், புது சாமர்த்தியம் எதுவும் தேவைப்பட்டிருக்காதுன்னு சொல்லிக்கலாம்.

ஹேஸ்பரோ அந்தச் சமாதானத்தையும் உடைச்சிடுச்சு. இங்கே இருந்தவங்க இதமான காலத்துல வரலை. குளிர்ல இருந்திருக்காங்க.

சரி, எப்படிச் சமாளிச்சாங்க?

நம்ம மனசு உடனே தேடுறது நெருப்பை. குகை, நடுவுல தீ, சுத்தி ஆட்கள். நம்ம மூளையில பதிஞ்சுபோன காலண்டர் படம்.

ஆனா ஹேஸ்பரோவுல தீ இருந்ததுக்கு ஒரு தடயமும் இல்லை. ஆற்றங்கரையில கரித்துண்டு அடிச்சுட்டுப் போயிருக்கலாமேன்னு கேட்கலாம். ஒரு இடம் மட்டும்னா அந்த வாதம் நிற்கும். 2011-ல வில் ருப்ருக்ஸ், பவோலா வில்லான்னு இரண்டு பேர் ஐரோப்பாவின் பழைய களங்களை எல்லாம் வரிசையா எடுத்துப் பார்த்தாங்க. சுமார் 3 லட்சம், 4 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும், ஐரோப்பாவுல தீயைப் பழக்கமா பயன்படுத்தினதுக்கு உறுதியான சான்று இல்லைன்னு முடிவுக்கு வந்தாங்க. ஆப்பிரிக்காவுல தீ அதைவிட ரொம்ப முந்தி இருக்கு. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில 10 லட்சம் வருஷம் பழைய சாம்பல் கிடைச்சிருக்கு. அப்போ தீயைப் பத்தித் தெரிஞ்ச கூட்டம் உலகத்துல இருந்திருக்கு. வடக்கே வந்தவங்க கிட்ட அது இருந்த மாதிரி மட்டும் தெரியலை.

வேணும்கிறப்போ தீயை உண்டாக்கினதுக்கான பழைய சான்று இதே கிழக்கு இங்கிலாந்துலதான் கிடைச்சிருக்குங்கிறது வேடிக்கை. சஃபோக்கில் பார்ன்ஹாம்னு ஒரு இடம். திரும்பத் திரும்பச் சூடான களிமண், வெப்பத்துல வெடிச்ச கைக்கோடரிகள், கூடவே இரண்டு சின்னப் பைரைட் துண்டுகள். பைரைட்டைச் சக்கிமுக்கியில தட்டினா தீப்பொறி பறக்கும். அந்தச் சுத்துவட்டாரத்துல பைரைட் கிடைக்கிறதே அபூர்வம், அப்போ யாரோ தேடி எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. 2025 டிசம்பர்ல நேச்சர்ல வந்த இந்த ஆய்வுலயும் நிக் ஆஷ்டன் இருக்கார். ஆனா பார்ன்ஹாமோட வயசு சுமார் 4 லட்சம் வருஷம். ஹேஸ்பரோ குழந்தை நடந்து போனதுக்கும் இந்தத் தீப்பொறிக்கும் நடுவுல 4 லட்சம் வருஷத்துக்கு மேல இடைவெளி.

அடுத்தது உடை. தோல் மக்கிப் போயிடும், அதனால நேரடிச் சான்று கிடைக்கிறது கஷ்டம். ஜெர்மனியின் ஷோனிங்கன்ல சுமார் 3 லட்சம் வருஷம் பழைய கரடியோட பாத எலும்புல மெல்லிய வெட்டுத் தழும்புகள் இருக்கு. பாதத்துல சாப்பிடச் சதையே இல்லை. ரோமத்தோட தோலை முழுசா உரிச்சிருக்காங்கன்னுதான் அர்த்தம். ஹேஸ்பரோ அதுக்கும் பல லட்சம் வருஷம் முந்தி. கையில இருந்த சில்லு தோலை உரிக்கப் போதும். உரிச்ச தோலைப் போர்த்திக்கிட்டாங்களா? எனக்குப் போர்த்தியிருப்பாங்கன்னுதான் தோணுது, ஆனா அது என் ஊகம்.

மூணாவது யோசனை, பறவைங்க மாதிரி குளிர்காலத்துல தெற்கே போயிருக்கலாம். கேட்க நல்லா இருக்கு. ஆனா 93 சென்டிமீட்டர் உயரக் குழந்தையைக் கூட்டிக்கிட்டு, மைனஸ் குளிர் இல்லாத ஒரு இடம் வரைக்கும் பல நூறு கிலோமீட்டர் நடக்கணும், மறுபடியும் வசந்தத்துக்குத் திரும்பி வரணும். வருஷா வருஷம். குழந்தைகளோட தடம் கிடைச்ச பிறகு இந்த யோசனை எனக்கு ரொம்பப் பலவீனமாத் தெரியுது.

குளிர் மட்டுமே பிரச்சினைன்னு நினைக்காதீங்க. வெளிச்சமும் பிரச்சினை. டிசம்பர்ல சென்னையில பதினொரு மணி நேரத்துக்கு மேல பகல் இருக்கும். ஹேஸ்பரோவுல ஏழரை மணி நேரம்தான். அதுக்குள்ள சாப்பாடு தேடணும். மாசக்கணக்கா பழம் இல்லை, இலை இல்லை. இறைச்சியும் கொழுப்பும் இல்லாம அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

அங்கேதான் இடத்தேர்வு முக்கியமாகுது. இந்தக் களம் காட்டுக்கு நடுவுல இல்லை, ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல இருக்கு. கடலோரத்துல குளிர் உள்நாட்டை விடக் கொஞ்சம் குறைவு. சேத்துல சிப்பி, நத்தை, கடல்பாசி, கிழங்கு கிடைக்கும். ஆத்தோரப் புல்வெளிக்கு மானும் குதிரையும் மேய வரும். காடு கைவிட்டா கடல் காப்பாத்தும், கடல் கைவிட்டா ஆறு. நெய்தலும் மருதமும் முல்லையும் ஒரே எட்டுல கிடைக்கிற இடம்னு வச்சுக்கோங்களேன். பெரிய கண்டுபிடிப்பு எதையும் நம்பாம, சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பிழைச்சிருக்கலாம்ங்கிற இந்த விளக்கம்தான் இப்போதைக்குக் கையில இருக்கிறதுல வலுவானதுன்னு நினைக்கிறேன்.

வரைபடத்தை விரிச்சா

ஹேஸ்பரோ தனி ஆள் இல்லை. ஜார்ஜியாவின் த்மனிசியில சுமார் 18 லட்சம் வருஷம் பழைய மண்டை ஓடுகளும் கற்கருவிகளும் இருக்கு. ருமேனியாவின் க்ரௌன்சியானுவுல கருவி கிடைக்கலை, ஆனா கருவியோட வெட்டுத் தழும்பு விழுந்த விலங்கு எலும்புகள் கிடைச்சிருக்கு, குறைஞ்சது 19,50,000 வருஷம்னு 2025-ல வெளியான ஆய்வு சொல்லுது. உக்ரைன்ல, ஹங்கேரி, ருமேனியா எல்லைக்குப் பக்கத்துல, கொரோலேவோன்னு ஒரு கல் குவாரி. அங்கே கிடைச்ச எரிமலைக்கல் கருவிகளுக்கு 14 லட்சம் வருஷம்னு 2024-ல ரோமன் கர்பா குழு வயசு சொன்னாங்க. அது 48 டிகிரி வடக்கு. கிழக்கே இருந்து மேற்கே மனுஷன் ஐரோப்பாவுக்குள்ள வந்தான்ங்கிறதுக்கு அது நல்ல ஆதாரம்.

கொரோலேவோவுக்கு வயசு கண்டுபிடிச்ச முறையை மட்டும் ஒரு நிமிஷம் சொல்றேன். விண்வெளியில இருந்து வர்ற கதிர்கள் தரைமேல கிடக்கிற கல்லைத் தாக்கும்போது, அதுக்குள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10னு இரண்டு வகை அணுக்கள் உருவாகும். கல் மண்ணுக்குள்ள ஆழமாப் புதைஞ்சதும் உருவாகிறது நின்னுடும், இருக்கிறது மட்டும் சிதைய ஆரம்பிக்கும். அலுமினியம் வேகமா சிதையும், பெரிலியம் அதைவிட மெதுவா. இரண்டும் எந்த விகிதத்துல மிச்சம் இருக்குன்னு அளந்தா, புதைஞ்சு எவ்வளவு காலம்னு சொல்லிடலாம்.

இந்த முறை நமக்குப் புதுசு இல்லை. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துல சாந்தி பப்பு குழுவினர் தோண்டியெடுத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல சயின்ஸ் இதழ்ல வந்தது இல்லையா, அதுக்கும் இதே அலுமினியம்-பெரிலியம் கணக்கும், ஹேஸ்பரோவுல பார்த்த காந்தத் திசைக் கணக்கும்தான். ஹேஸ்பரோக்காரங்க வெறும் சில்லோட இருந்த காலத்துக்கு லட்சக்கணக்கான வருஷம் முன்னாடியே அத்திரம்பாக்கத்துல அழகா கைக்கோடரி செதுக்கியிருக்காங்க. அதை வச்சு யாரு உசத்தின்னு பட்டிமன்றம் வேண்டாம். இரண்டு பேருக்கும் முன்னாடி இருந்த சவால் வேற வேற.

ஹேஸ்பரோவுல யாரு இருந்தாங்க? மனித எலும்பு ஒண்ணுகூடக் கிடைக்கலை. அதே காலத்துல ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவுல ஹோமோ ஆன்டிசெஸ்ஸர்னு ஒரு இனம் வாழ்ந்தது, எலும்போட சான்று இருக்கு. காலமும் பொருந்துது, உயரமும் பொருந்துது. அதனால அவங்களா இருக்கலாம்னு பல பேர் நினைக்கிறாங்க.

அவங்க நம்ம முன்னோர்னு நினைச்சுடாதீங்க. பிரிட்டனுக்கு மனுஷங்க ஒரே தடவை வந்து தங்கிடலை. வந்தாங்க, பனி இறங்கிச்சு, காணாமப் போனாங்க. மறுபடியும் வேற யாரோ வந்தாங்க, மறுபடியும் பனி. அந்தக் குழந்தை போன வழியில அவங்க சந்ததி தெற்கே பிழைச்சதா, இல்லை அங்கேயே முடிஞ்சுதான்னு சொல்ல நம்ம கையில ஒரு பல் கூட இல்லை.

இப்போ அந்தக் கரை

ஹேஸ்பரோவோட கரை வெறும் மண்ணும் களிமண்ணும். பாறை கிடையாது. 1950-களின் கடைசியில மரத்துல அலைத் தடுப்பு கட்டினாங்க. 1990-கள்ல அது உடைய ஆரம்பிச்சதும், கடல் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சது. கரையோரத் தெருவுல வரிசையா இருந்த பல வீடுகள் இன்னைக்கு இல்லை. அந்த ஊர்க்காரங்களுக்குக் கடல் அரிப்புன்னா வீடு போறது. தொல்லியல்காரங்களுக்கு அதே அரிப்புதான் கதவைத் திறந்து விடுறது. அந்த மண்மேடு அரிக்காம இருந்திருந்தா மூணாவது களமே கண்ணுல பட்டிருக்காது. இதைப் பத்திப் பேசும்போது இரண்டையும் சேர்த்துத்தான் பேசணும்னு நினைக்கிறேன். ஒருத்தருடைய வீடு போன இடத்துலதான் நம்ம 'வாவ்' வருது.

ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் அந்தக் கரையில உள்ளூர்க்காரங்க குனிஞ்சபடி நடந்து போறாங்க. கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் அப்படி நடந்தவர்தான். பழைய வண்டல் இன்னும் அந்த மண்மேட்டுக்கு அடியில உள்நோக்கிப் போகுது. இன்னொரு தடவை தடங்கள் வெளியே தெரிஞ்சா, பார்க்கிறதுக்கு மறுபடியும் சில நாள்தான் கிடைக்கும்.